விரதம் இருந்த காப்பிக் கன்றுகள்

பிரேமலா அண்ணிக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. கடையில் ரொட்டி சானாய் வாங்கப் போனால், இன்றைக்கு மாவு ஏன் இழுபடவில்லை என்று ரொட்டி வீசுகிறவனிடமே கேட்பார். அவன் பாவம், பின்னால் வரிசை நிற்க, இவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பான். என் பெரியப்பா மகன் சன்னாசி அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அண்ணி இப்படித்தான். எனக்குத்தான் பக்கத்தில் நிற்க வெட்கமாக இருக்கும்.

பல வருஷம் அண்ணி ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அண்ணன், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். இடுப்பில் அடிபட்டு அவர் வீட்டோடு ஆனதும், அண்ணி தொழிற்சாலையை விட்டுவிட்டுக் கோலசிலாங்கூருக்கு வெளியே இருக்கும் ஒரு நர்சரியில் சேர்ந்தார். அண்ணன் சமையலை எடுத்துக்கொண்டார். நடக்கத்தான் அவருக்குத் தடுமாற்றம். மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டால் ராஜா. மத்தியானச் சோற்றைத் தூக்கில் போட்டு அவரே கொண்டுபோய்க் கொடுப்பார்.

செம்பனைக் கன்று வளர்த்துக்கொண்டிருந்த அந்த நர்சரிக்குப் போன வருஷம் காப்பி ஆசை வந்தது. லிபெரிக்கா என்று ஒரு ஜாதி, இலை உள்ளங்கையைவிடப் பெரிது, கடலோர மண்ணைத் தாங்கும் என்றார்கள். மேனேஜர் சிவநேசன் அண்ணியைக் கூப்பிட்டு, கன்றுகளை வெவ்வேறு கலவையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். எது நன்றாக வருகிறதோ அதையே நர்சரி முழுக்கப் போடலாம், காப்பிப் பகுதியை அண்ணியே பார்த்துக்கொள்ளலாம். ஒன்றும் சரிப்படவில்லை என்றால் காப்பிப் பைகள் வைத்த மேடைகளில் டுரியான் பழக் கன்று ஏறும், அதற்குக் குத்தகைக்காரனின் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படியானால் அண்ணிக்கு மறுபடியும் ராவாங் பஸ்தான்.

அண்ணிக்கு இது கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. மணலில் முளைத்த கன்றுகள் கொட்டைத் தோட்டைத் தலையில் சுமந்துகொண்டு நிமிர்வதையும், பிறகு தோடு கழன்று இரண்டு வட்ட இலை விரிவதையும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். நர்சரிக்கு மண் ஏற்றிப் போகும் என்னையும், லோரியை அணைக்கக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். கன்றில் என்ன இருக்கிறது, முளைக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டி வைத்தேன்.

முதல் வரிசைப் பைகளில் மேல்மண்ணும் ஆற்று மணலும். அடுத்ததில் தேங்காய் நார்த்தூள். மூன்றாவதில் செம்பனைக் குலைச் சக்கையை மக்க வைத்த உரமும் மண்ணும். கடைசி வரிசையில், நான் தஞ்சோங் காராங் நெல் ஆலையிலிருந்து ஏற்றி வந்த உமியைக் கருக்கி, பேருக்குக் கொஞ்சம் மண் கலந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே நிழல் வலை, ஒரே தண்ணீர். வேறு எதுவும் போடக் கூடாது என்பது அண்ணியின் கண்டிப்பு. மேலே உரத்தைத் தூவிவிட்டால் பையில் இருப்பதன் யோக்கியதை எப்படித் தெரியும் என்பார்.

ஆரம்பத்தில் உமி வரிசைதான் சவலை. மற்றவை இலை விட, இது மட்டும் வளர மனமில்லாமல் நின்றது. பிறகு என்ன ஆனதோ, திடுதிப்பென்று கிளம்பியது. கருகருவென்று இலை, தண்டு திரண்டு, மற்ற வரிசைகளைத் தாண்டிப் போய்விட்டது. அண்ணிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எந்த ஆலை, என்ன நெல், எத்தனை நாள் மழையில் கிடந்த உமி என்று என்னைத் துருவி எடுத்தார். என் உமிக்கு வந்த பெருமை எனக்கு வந்த பெருமைதானே, நானும் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். சிவநேசன் வந்து பார்த்துவிட்டு, அடுத்த மாதக் கடைசியில் முடிவு சொல்வதாகவும், நிறைய நடை உமி ஏற்ற வேண்டியிருக்கும் என்றும் என்னிடம் சொன்னார். அன்றைக்கு நான் பாட்டுப் பாடிக்கொண்டே லோரி ஓட்டினேன்.

புரட்டாசி பிறந்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் கறி, மீன் சட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இனி மாதம் முழுக்க சாம்பார், ரசம், கீரை. எனக்கு நாக்கு செத்துப் போனது. அங்கே உமி வரிசைக்கு உயிரே போய்க்கொண்டிருந்தது. கீழ் இலைகள் முதலில் மஞ்சளாயின, பிறகு மேல் இலைகள். அண்ணி நிழல் வலையை ஆராய்ந்தார், தண்ணீர்க் குழாயைக் கழற்றிப் பார்த்தார், இலையைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தேடினார். ஒன்றுமில்லை. உமியில் ஏதும் கோளாறா என்று என்னிடம் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. உமியில் என்ன கோளாறு வரும், உமி உமிதான் என்று முறைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அண்ணன் சோறு கொண்டு வந்திருந்தார். மூன்று பேரும் மேடையோரம் உட்கார்ந்தோம். அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தம்பி, இந்த மேடைக்கு அடியில பூனைங்க படுத்துக் கெடக்குமே, எங்க ஒண்ணையும் காணோம்?"

"அதுங்களும் புரட்டாசி வெரதம் லா அண்ணி."

சும்மா கிண்டலுக்குச் சொன்னேன். அண்ணி சிரிக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய், ஒரு பையில் உமிக்கரியை விரலால் கிளறினார், மோந்து பார்த்தார். இன்னொரு பை, இன்னொன்று. பிறகு எதையோ விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்து அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார். மீன் செதில்.

அண்ணன் மறைக்கவில்லை. மறைக்க அதில் ஒன்றும் இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் மீன் கழுவிய தண்ணீரை எண்ணெய்ப் போத்தலில் ஊற்றி, சோற்றுத் தூக்கோடு கொண்டு வந்து, அண்ணி கை கழுவப் போகிற நேரத்தில் அந்த வரிசைக்கு ஊற்றியிருக்கிறார். புரட்டாசியில் மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை.

"மெலிஞ்சி போயி நின்னுச்சி பிரேமா. மத்ததெல்லாம் நல்லா தின்னுட்டு நிக்கிற மாதிரியும், இது மட்டும் பட்டினி கெடக்குற மாதிரியும் இருந்துச்சி. பாக்க முடியல."

அண்ணி அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இத்தனை மாத உழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாரே என்று கத்தினார். மேனேஜரிடம் உமிதான் என்று வாய் கிழியச் சொல்லிவிட்டோமே, இனி எந்த முகத்தோடு நிற்பது என்று கேட்டார். கத்தி முடித்த கையோடு, எந்த மீன், எவ்வளவு தண்ணீர் என்றும் கேட்டார். அண்ணன் பதில் சொல்ல வாய் திறந்ததும் மறுபடியும் கத்தினார். அண்ணன் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து நர்சரி கேட்டுக்கு வெளியிலேயே நின்று சோற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

சிவநேசன் வருகிற நாள் நெருங்கியது. அண்ணன் என் வீட்டுக்கு வந்து, செகிஞ்சானுக்கு ஏற்றிப் போகச் சொன்னார். எதற்கு என்றேன். மீன் வாங்க என்றார். புரட்டாசியிலா என்றேன். இடுப்பில் அடிபட்டுக் கிடந்தபோது பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, அன்றிலிருந்து புரட்டாசியில் மீன் சட்டியைத் தொடாதவர். சனிக்கிழமை தவறாமல் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்.

"பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன்டா. மேனேஜர்கிட்ட யாரு பேசுறது?"

போனோம். மீன்காரனிடமே வெட்டிக் கழுவச் சொல்லி, அந்தத் தண்ணீரை மட்டும் கேட்டு வாங்கினார். மீனை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தோம். நர்சரி கேட்டில் அண்ணி போத்தலை வாங்கி மூடியைத் திறந்தார். வாடையே எல்லாம் சொல்லிவிட்டது. அண்ணன் முகத்தைப் பார்த்தார், நெற்றியில் இருந்த நாமத்தைப் பார்த்தார். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் போத்தலைக் காவாயில் கவிழ்த்துவிட்டார்.

"ஊத்துனா பச்சையாயிரும், எனக்கும் தெரியும். அப்புறம்? எல்லாப் பையிலயும் உமிய ரொப்பிட்டு, ஊருல உள்ள மீனையெல்லாம் நீங்க கழுவிக்கிட்டு இருப்பீங்களா?"

சிவநேசன் வந்தார். மஞ்சள் வரிசையைப் பார்த்ததும் முகம் மாறியது. வெயில், மழை என்று எதையாவது சொல்லித் தப்பிக்கக் கூடாதா என்று நான் பின்னால் நின்று தவித்தேன். அண்ணி உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த வளர்ச்சி உமியால் வந்ததில்லை, தன் வீட்டுக்காரர் ஊற்றிய தண்ணீரால் வந்தது, தான் அதைக் கவனிக்கத் தவறியதும் உண்மை. பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு பையைக் கிழித்துக் காட்டினார். மேலே கன்று சுமாராகத்தான் இருந்தது, உள்ளே வேர் நன்றாக ஓடியிருந்தது. ஆனால் அடியில் ஈரம் தேங்கி நுனி அழுகத் தொடங்கியிருந்தது. இந்த உரத்தோடு உமியைக் கலந்தால் தண்ணீர் வடியுமா என்று அவரிடமே கேட்டார்.

"அப்ப எதுதான் நல்லதுன்னு ஆபீஸ்ல சொல்றது அக்கா?"

"இன்னும் தெரியல சார். தெரியாதத தெரியும்னு சொல்லி உங்கள மாட்டிவிட மாட்டேன்."

அவர் கிழித்த பையைக் குனிந்து பார்த்தார். டுரியான் கன்றுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்றார். கடைசியில் ஒரே ஒரு மேடையை மட்டும் காப்பிக்கு விடுவதாகச் சொன்னார். அடுத்த தடவையும் இப்படியே என்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அண்ணி தலையாட்டினார். என் உமி நடையெல்லாம் போயிற்று. எனக்கு எரிச்சல்தான், ஆனால் அண்ணியைத் திட்டவும் வாய் வரவில்லை.

தீபாவளி கழிந்து புதுக் கன்றுகள் பைக்கு ஏறின. உரமும் உமியும் கலந்தவை பெரும்பங்கு. ஓரத்தில் வெறும் உமியில் இரண்டு வரிசை. அவை மெலியத் தொடங்கிய ஒரு நாள், சோறு கொண்டு வந்த அண்ணனை அண்ணி கேட்டைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். மீன் கழுவிய தண்ணீரை இனி தினமும் கொண்டுவர வேண்டும் என்றார். அண்ணனுக்கு நம்ப முடியவில்லை.

"இந்த வரிசைக்கு நீங்கதான் ஊத்தணும். ஆளுக்கு ஒரு குவளை. பக்கத்து வரிசைக்கு ஒரு சொட்டு விழக் கூடாது."

"அதுவும் உமிதான பிரேமா? அதுவும் மெலிஞ்சிதான நிக்கிது?"

"அப்படியே நிக்கட்டும். அது நின்னாத்தான் இது எதனால வளருதுன்னு தெரியும்."

அண்ணன் குவளையை வாங்கிக்கொண்டார். ஊன்றுகோலை மேடையில் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு கன்றாகக் குனிந்து ஊற்றிக்கொண்டு போனார். பக்கத்து வரிசை கண்ணில் படாமல் இருக்க, கடைசிக் கன்று வரைக்கும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே ஊற்றினார்.