சிங்கக் கண்ணாடியைக் கொண்டுபோன மாப்ளைக்கு

யோவ், சிங்கம் படம் போட்ட என் கண்ணாடியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவனே, உன்னைத்தான். நீ ஒரு திருடன். "பத்திரமா நான் கொண்டாந்து தாரேன்" என்று சொல்லிவிட்டு எடுத்துப் போனதால், மரியாதை தெரிந்த திருடன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். இதை நீ படிப்பாய் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். ஓசியில் கிடைத்தால் எதையும் விடாதவன் நீ. இது வருகிற பத்திரிகையும் ஏதாவது சலூன் பெஞ்சில் ஓசியில் கிடைக்காமலா போகும்?

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பழைய பின்பால் மெஷின்களை வாங்கிப் பராமரிப்பது என்பது, ஊரே வேண்டாம் என்று ஒதுக்கியதை நாம் தூக்கி வந்து, அதற்காக வீட்டில் திட்டு வாங்குகிற கலை. பழைய ரேடியோ, பழைய கேமரா, பழைய ஸ்கூட்டர் என்று எதையாவது கட்டிக்கொண்டு அழுகிற என் சக பாவிகளுக்கு இது விளங்கும். விளங்காதவர்களுக்காக: பின்பால் மெஷின் என்பது நான்கு கால் வைத்த சாய்வான பெட்டி. ஸ்பிரிங் கம்பியை இழுத்துவிட்டால் உள்ளே இரும்புக் குண்டு மேலே ஓடி, முட்டி மோதி, மணியடித்துக்கொண்டு கீழே உருண்டு வரும். அது பள்ளத்தில் விழாமல் பட்டனை அமுக்கினால் ஆடுகிற இரண்டு சின்னக் கைகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். பெட்டியின் தலைமாட்டில் படம் வரைந்த கண்ணாடி ஒன்று நிற்கும். அதன் பின்னால் பல்பு எரிந்தால் படமும் தெரியும், எடுத்த பாயிண்டும் தெரியும். என் மெஷினில் சர்க்கஸ் படம். ஊஞ்சலில் ஒரு பெண். கீழே, அவளைக் கண்டாலே ஆகாத மாதிரி முறைக்கிற ஒரு சிங்கம். அந்தக் கண்ணாடி போனால் வேறு கிடையாது. அதைச் செய்த கம்பெனியே இப்போது கிடையாது.

மலை ஹோட்டல் மேனேஜர்

எனக்குச் சோறு போடுகிற தொழில் வேறு. மூடிப்போன ஹோட்டல்களின் அடுப்பு, கிரைண்டர், மேஜை, நாற்காலி வாங்கி விற்கிறவன். மதுரைப் பக்கம் பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரச் செட் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததைவிட ஹோட்டலில் எச்சில் இலை எடுத்த காலம்தான் எனக்கு அதிகம். பேரம் பேசக் கற்றது அங்கேதான். எவனாவது விலை சொன்னால் முதலில் சிரிக்க வேண்டும்.

மலை மேல் ஒரு ஹோட்டலை மூடுகிறார்கள் என்று போனேன். மூலையில் தார்ப்பாய் மூடி ஒரு பெட்டி. தூக்கிப் பார்த்தால் சிங்கம் முறைக்கிறது. உடனே தார்ப்பாயை இறக்கிவிட்டேன். பார்க்காத மாதிரி நகர்ந்து, வேண்டாத இட்லிக் கொப்பரைக்கெல்லாம் விலை கேட்டு, கடைசியில், "ஆமா, அந்த மூலையில கெடக்கிற பெட்டி என்ன?" என்றேன். மேனேஜர் என் கண்ணைப் பார்த்துவிட்டார் போல. பெரிய விலை சொன்னார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் மாறி மாறிச் சிரித்து, ஒருவழியாக முடித்தோம். நாலு பேர் முக்கி முனகி அதை வண்டியில் ஏற்றும்போது மேனேஜர் என் காதருகே வந்து சொன்னார்: "அண்ணே, ஒங்க நல்லதுக்குச் சொல்றேன். இதுல தோசை ஊத்த முடியாது."

ரசமட்டம்

செட்டில் தரை போட ஒரு கொத்தனார் வந்தார். நல்ல மனுஷர். அதுதான் பிரச்சினை. பின்பால் மெஷின் பின்பக்கம் தூக்கலாக நிற்க வேண்டும், அப்போதுதான் குண்டு உருளும். நான் ஒரு நாள் முழுக்கக் குனிந்து கிடந்து பின்னங்கால் போல்ட்டைத் திருகித் திருகி வைத்திருந்தேன். மறுநாள் வந்து கம்பியை இழுத்துவிட்டால் குண்டு மேலே போய், நடுவில் நின்றுவிட்டது. ஆள் ஏறட்டும் என்று நிற்கிற மினி பஸ் மாதிரி, வரவும் இல்லை, போகவும் இல்லை.

ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன், காயிலைத் தட்டிப் பார்த்தேன். கடைசியில் கொத்தனார்தான், தானாக வந்து, பெருமையாகச் சொன்னார். நான் போன பிறகு ரசமட்டம் வைத்துப் பார்த்து, கோணலாக நிற்கிறதே என்று பாவப்பட்டு, நாலு காலையும் சமமாக்கிவிட்டாராம். நான் போட்ட கூச்சலில் மார்க்கெட்டில் தக்காளி விலை கேட்டுக்கொண்டிருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். கொத்தனார் அசையவில்லை. "கத்துங்கண்ணே, கத்துங்க. ஆனா நான் போட்ட தரையில ஒரு பொருள் சாஞ்சு நிக்குதுன்னா, நாளைக்கு எவன் என்னைய வேலைக்குக் கூப்புடுவான்?"

பொரி

மெஷினின் வயிற்றுக்குள் காயில், ரிலே, ஒயர் என்று ஒரு தெருவே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் கோவர்த்தனன். டிவி மெக்கானிக், சௌராஷ்டிராக்காரர், என் பதினைந்து வருஷச் சண்டைக்காரர். பழுது சின்னதாக இருந்தால் தமிழில் திட்டுவார். பெரிதாக இருந்தால் அவர் வீட்டுப் பாஷையில் முனகுவார். அவர் பாஷை மாறினாலே நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் மெஷின் ஓடவில்லை. பின்பக்கத்தைத் திறந்த கோவர்த்தனன் வீட்டுப் பாஷைக்கு மாறினார். ரிலே ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம். காசு போடுகிற ஓட்டை வழியாக ஒரு படி பொரி, நடுவே ரெண்டு பொட்டுக்கடலை. வீட்டுக்குப் போய், பூஜை போட்ட மனைவியிடம் குதித்தேன். வெளியே பொட்டு வைத்தால் போதாதா, உள்ளே திறந்து வைக்கச் சொல்லி யார் கேட்டது, பொரியை எதற்கு ஓட்டையில் போட்டாய் என்று கேட்டேன். அவள் கொத்தமல்லி ஆய்வதை நிறுத்தவே இல்லை. "வருஷம் பூரா காசு காசுன்னு வாயத் தொறந்துக்கிட்டே நிக்குதே, ஒரு நாளாச்சும் பசியாறட்டும்னுதான் போட்டேன்."

வாடிவாசல் பிடி

அலங்காநல்லூரிலிருந்து அடுப்பு வாங்க ஒருவர் வந்தார். மாடு பிடித்துப் பேர் வாங்கியவர், கையைப் பார்த்தாலே தெரிந்தது. "இது என்னண்ணே விளையாட்டு? நாம ஒரு கை பாப்போம்" என்றார். பின்பால் மெஷினுக்கு ஒரு குணம் உண்டு: பிடித்து உலுக்கினால் ரோஷம் வந்து ஆட்டத்தையே நிறுத்திக்கொள்ளும். உள்ளே அதற்கென்றே ஒரு ஊசல் தொங்குகிறது. சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டது?

குண்டு பள்ளத்துப் பக்கம் திரும்பியதும் மனுஷர் மெஷினின் இரண்டு பக்கத்தையும் திமிலைப் பிடிக்கிற மாதிரி கட்டிப் பிடித்து ஒரு உலுக்கு. விளக்கு அணைந்தது. மறுபடி போட்டேன். மறுபடி கட்டிப் பிடித்தார். மறுபடி அணைந்தது. அடுப்பை வாங்காமலேயே கிளம்பினார். வண்டியில் ஏறும்போது என் மெஷினைத் திரும்பிப் பார்த்து இளக்காரமாகச் சொன்னார்: "தொட்டதுக்கே படுத்துக்கிருதுண்ணே. இதெல்லாம் என்ன வளர்ப்பு?"

முன்னாடி போனவன்

என் செட் இருக்கிற இடத்துக்கு ஓனர் திருவாதவூர்க்காரர். மகள் கல்யாணத்தை மதுரையில் பெரிய மண்டபத்தில் வைத்தார். "பஞ்சு மிட்டாய் மெஷினுக்குப் பக்கத்துல ஒன் மெஷினையும் நிறுத்துய்யா, புள்ளைங்க விளையாடட்டும்" என்றார். இடத்துக்கு ஓனர் சொன்னால் அதற்குப் பெயர் வேண்டுகோள் இல்லை. கொண்டுபோய் நிறுத்தினேன். பிள்ளைகள் எங்கே விளையாடின? வேட்டியை மடித்துக் கட்டிய பெரிய மனுஷர்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

அப்போது வந்தாய் நீ. வெள்ளைச் சட்டை, ஜரிகை வேட்டி, கையில் தங்கக் காப்பு. "ஒருத்தர் ஒருத்தரா வாங்கப்பா" என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தினாய். எனக்குப் பாயசம் வாங்கிவந்து கொடுத்தாய். முதல் வார்த்தையிலிருந்தே "மாப்ள, மாப்ள" என்றாய். நான் உருகிவிட்டேன். முடிந்து கிளம்பும்போது தலைமாட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் சுற்றினேன். வண்டி குலுங்கினால் உடைந்துவிடும், எப்போதும் தனியாகத்தான் கொண்டுபோக வேண்டும். நீ ஓடி வந்தாய். "லோடு வண்டியிலயா மாப்ள ஏத்துற? அறிவிருக்கா? என் கார்ல பின் சீட்டு காலியாத்தான கெடக்கு. பரவைதான? ஒனக்கு முன்னாடி போய் நிப்பேன்." முன்னாடி போனது சத்தியம். நின்றதுதான் இல்லை.

செட் வாசலில் காத்திருந்து காத்திருந்து, கண்ணாடியை மாட்ட வந்திருந்த கோவர்த்தனன் மெதுவாகக் கேட்டார், "அவர் பேர் என்னண்ணே?" எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. மாப்ள என்று கூப்பிட்டுப் பாயசம் கொடுத்தவனிடம் உன் பேர் என்ன என்று கேட்டால் அது மரியாதையா என்று எகிறினேன். அவர் டார்ச்சை அணைத்து டப்பாவில் வைத்தார். "எங்க தெருவுல மாப்ளன்னு ஒருத்தர் வந்தா அவர் பேரு, அவுங்க அப்பா பேரு, கடை எந்த வீதி, எல்லாத்தையும் கேட்டுட்டுத்தாண்ணே காபியே போடுவோம்."

யார் வீட்டு ஆள்?

ஓனரிடம் போய் அடையாளம் சொன்னேன். "காப்பு போட்டவரா? மாப்பிள்ளை வீட்டு ஆளா இருக்கும். அங்க கேளு" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். "பொண்ணு வீட்டுப் பெரியப்பான்னு நெனச்சு நாங்க வேட்டியே வச்சுக் குடுத்தோம்" என்றார்கள். திரும்ப ஓனர் வீடு. கல்யாண வீடியோவைப் போட்டு உட்கார்ந்தோம். நீ எல்லா இடத்திலும் இருக்கிறாய். மேடையில் அட்சதை போடுகிறாய். குரூப் போட்டோவில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் நிற்கிறாய். தாலி கட்டும்போது கெட்டிமேளம் சொல்லிக் கையைக்கூட ஆட்டுகிறாய். மாப்பிள்ளையைவிட நீ அதிகமாக வீடியோவில் இருக்கிறாயே ஐயா!

ஓடுகிற படத்தை நிறுத்தச் சொல்லி, "இவன்தான், இவனேதான், சொல்லுங்க யாரு?" என்று கத்தினேன். ஓனர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதலில் டிவியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "இவரா? என்னய்யா கூத்து இது? மெஷின் பக்கத்துலயே நின்னு ஒன் தோள்ல கை போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. ஒன் ஆளுன்னுல்ல முதல் பந்தியில எலை போடச் சொன்னேன்!"

பிளெக்ஸ்

ஓனருக்கு மனசு கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பதில் தன் செலவில் பிளெக்ஸ் அடித்துத் தருகிறேன் என்றார். மதுரையில் காதுகுத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து. என் போனில் இருந்த பழைய போட்டோவைக் கொடுத்து அனுப்பினேன். வந்ததைப் பிரித்தால், நடுவில் ஓனர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். இந்தப் பக்கம் மகளும் மருமகனும். மேலே 'வருக வருக'. ஊஞ்சல் பெண்ணைக் காணோம், மரியாதைக் குறைவு என்று எடுத்துவிட்டார்களாம். சிங்கம் ஒரு மூலையில் பூனை அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

மாட்டிவிட்டு விளக்கைப் போட்டோம். பாயிண்ட் தெரிகிற ஜன்னல் சரியாக ஓனர் வாயில் வந்து விழுந்தது. ஆட ஆட, பல்லுக்குப் பதில் நம்பர் ஓடியது. சிங்கத்தின் கண்ணில் எரிய வேண்டிய சிவப்பு பல்பு அவர் மூக்கில் எரிந்தது. கோவர்த்தனன் மெஷினுக்குப் பின்னால் போய் எதையோ தேடுகிற மாதிரி குனிந்து, சிரிப்பில் குலுங்கினார். ஓனர் மட்டும் தள்ளி நின்று, திருப்தியாகப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் கண்ணாடிய விட இதுதான்யா தோது. கீழ விழுந்தாலும் ஒடையாது, அழுக்கானா ஈரத் துணி போட்டு ஒரு தொட தொடச்சாப் போதும்."

அந்த ஈரத் துணி என்ற வார்த்தைதான் என்னைத் தின்கிறது. யோவ் மாப்ள, நன்றாகக் கேட்டுக்கொள். அந்தக் கண்ணாடியில் படம் பின்பக்கம்தான் வரைந்திருக்கிறது. வயசான பெயிண்ட். ஈரத் துணி பட்டால் செதில் செதிலாக வந்துவிடும். உன் வீட்டு ஹாலில் சாத்தி வைத்திருப்பாய், அல்லது டீப்பாய்க்கு மேல் பலகையாகப் போட்டிருப்பாய். உன் வீட்டில் யாராவது ஒரு நல்ல மனுஷி, பொங்கலுக்கு வீடு கழுவுகிற அன்று அதையும் சேர்த்துத் துடைப்பாள். முதலில் ஊஞ்சல் போகும், அப்புறம் பெண், கடைசியில் சிங்கம். உன்னிடம் வெறும் கண்ணாடி இருக்கும், என்னிடம் மூக்கில் விளக்கெரிகிற ஓனர் இருப்பார். இரண்டு பேருக்கும் என்ன லாபம்?

அதனால் துடைக்காதே. கழுவாதே. திருப்பிக்கூடப் போடாதே. நான் சுற்றிக் கொடுத்த அதே போர்வையில் சுற்று, இல்லாவிட்டால் கல்யாணத்தில் வாங்கிய அந்த வேட்டியில் சுற்று. பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் வந்து யாரைக் கேட்டாலும் செட்டைக் காட்டுவார்கள். நான் சட்டையைப் பிடிக்க மாட்டேன். பிடித்தாலும் கசக்காமல் விட்டுவிடுவேன், கோவர்த்தனன் ஜாமீன். பெட்டிக்குள் உருளுவது குண்டு, ஊருக்குள் உருளுவது அதன் சொந்தக்காரன் என்பதுதான் இந்தப் பொழைப்பின் மொத்தக் கதை என்பதால், இனி நான் உருண்டது போதும், நீ ஒரு தடவை நேராக வந்து என் சிங்கத்தை வைத்துவிட்டுப் போ.