கூப்பிடு தூரத்துக்கு ஒரு கேமரா

கேமரா வாங்கும் விஷயத்தில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டையே வரவில்லை. டீத்தூள் பாக்கெட்டுக்கே அரை மணி நேரம் வாதாடுகிற ஜோடி நாங்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருவருக்குமே பெரிய கேமராதான் வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொள்வார்களே, அந்த டிஎஸ்எல்ஆர். லீவு நாளில் நாலு கல்யாணம், ரெண்டு காதுகுத்து எடுத்தால் கையில் ஒரு தொழில் இருக்கும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. எனக்கு எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கு என் அம்மாவின் முகம் வேண்டும். அவ்வளவுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறு சாதியில் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவள் நான். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் மாதா கோயில். எங்கள் வீட்டில் ஒன்றரை ஏக்கர் நிலமும் நூறு ஏக்கருக்கான வீறாப்பும். அப்பா இல்லாத வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். வாசலில் நின்று, "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றாள். அம்மா பேச்சை நான் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவளுக்கு இருக்கிற வீம்பு எனக்கு மட்டும் இல்லாமல் போகுமா? நானும் போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

உத்திரமேரூரில் வாடகை வீடு எடுத்தோம். இருவருக்கும் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. எனக்கு க்வாலிட்டி செக்‌ஷன், கண்ணுக்குத் தெரியாத கீறலை விளக்கு வெளிச்சத்தில் தேடிப் பிடிக்கிற வேலை. கட்டிய புடவையோடு வந்தவளிடம் அம்மா படம் ஏது? பழைய போனில் ரெண்டு இருந்தது. அந்த போன் செத்தபோது அதுவும் போயிற்று.

மகள் யூகேஜி போனாள். குடும்பத்துப் படங்களை சார்ட்டில் ஒட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவைப் பெற்ற ஆயா, தாத்தா எல்லோரும் வரிசையாக இருந்தார்கள். என் அம்மாவுக்கு உண்டான கட்டம் காலி. நான் குளித்துவிட்டு வருவதற்குள் மகளே வழி செய்துவிட்டாள். நகைக்கடை காலண்டரில் நெக்லஸ் போட்டுக்கொண்டு சிரித்த ஒரு அம்மாளைக் கத்தரித்து ஒட்டியிருந்தாள். "ஒங்கம்மா இப்பிடித்தான இருப்பாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் அந்த சார்ட்டுக்கு ஸ்டார் வேறு கிடைத்தது. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை, அம்மாவை நான் வாரத்தில் நாலு நாளாவது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கம்பெனி பஸ் அவள் ஊர் ஏரிக்கரை ரோட்டில்தான் போகும். ஏரிக்குள் வரத்துக் கால்வாய் தூர்வாரும் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. செகண்ட் ஷிஃப்டுக்குப் போகும்போது அங்கே குனிந்து நிமிர்கிற பெண்களில் எது அம்மா என்று எனக்குத் தெரியும். நாலு நடை மண் சுமந்தால் ஒரு தடவை இடுப்பில் கைவைத்து நிற்பாள். போனை ஜன்னலில் வைத்துப் பெரிதாக்கி எடுத்துப் பார்த்தேன். கோலப்பொடி சிந்தினது போல ஒரு பச்சைப் புள்ளி வந்தது. அதை மகளிடம் காட்டி இதுதான் உங்கள் ஆயா என்றால் சிரிப்பாள்.

அதனால்தான் பெரிய கேமரா. பெரிய கேமரா என்றால் தூரத்தில் இருப்பது தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

காஞ்சிபுரத்தில் பழைய கேமரா விற்கிற ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் டிஎஸ்எல்ஆரை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் மகளை முதன்முதலாகக் கையில் வாங்கினபோதுகூட இவ்வளவு பயமும் பூரிப்பும் இல்லை. ஒரு படம் எடுத்தார். 'டப்'பென்று அந்தச் சத்தம். கடைக்குள் இருந்த என்னைத்தான் எடுத்தார். பின்னால் இருந்த அலமாரியெல்லாம் கரைந்துபோய், நான் மட்டும் தெளிவாக, கொஞ்சம் அழகாகவே இருந்தேன்.

"இதுல தூரத்துல இருக்கிறது தெரியுமா?" என்றேன்.

"இன்னா எடுக்கப் போறீங்க மேடம்?"

"பறவை."

வேடந்தாங்கல் பக்கத்தில் இருக்கிற ஊரில் யாரும் நம்பக்கூடிய பொய். ஆனால் அவர் விடவில்லை. "நாரை, கூழைக்கடா அந்த மாதிரியா? எவ்ளோ தூரத்துல இருக்கும்?"

"கூப்பிடு தூரந்தான். ஆனா கிட்ட போவ முடியாது."

"பறந்துடுமா?"

"இல்ல, மொறைக்கும்."

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. கடைக்காரர் எங்களைத் தெருவுக்கு அழைத்துப்போய்க் கோபுரத்தைக் காட்டினார். பெரிய கேமராவில் கோபுரம் முழுசாக வந்தது. எவ்வளவு திருகியும் அதற்கு மேல் கிட்ட வரவில்லை. "இதோட வர்ற லென்ஸு இவ்ளோதான் மேடம். தூரத்துக்குத் தனியா லென்ஸ் வாங்கணும், அது கேமராவ விட ஜாஸ்தி" என்றார். பிறகு கண்ணாடிப் பெட்டியிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒன்றை எடுத்தார். பட்டனைத் தள்ளத் தள்ள, ஆமைத் தலை போல மூக்கு வெளியே வந்துகொண்டே இருந்தது. கோபுரம் போய்க் கலசம் வந்தது. கலசத்தின் மேல் ஒரு புறா, அதன் சிவப்புக் கால் வரைக்கும் தெரிந்தது.

அதோடு நிறுத்தாமல் அதன் குறையையும் அவரே சொன்னார். சாயங்காலமானால் படம் புள்ளி புள்ளியாக வரும், கல்யாண மண்டபத்துக்குள் சரிப்படாது, இவ்வளவு கிட்ட இழுத்தால் கை நடுக்கமெல்லாம் படத்தில் தெரியும், எதிலாவது சாய்ந்து நின்றுதான் எடுக்கணும். நினைத்திருந்தால் பெரியதை எங்கள் தலையில் கட்டியிருக்கலாம். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்காரர் டிஎஸ்எல்ஆரின் வாரை மடித்து மேஜைமேல் வைத்தார். "சின்னதே குடுங்க" என்றார். "ஒன் ஆசை இன்னாப்பா ஆவறது?" என்று வழியில் கேட்டேன். "கல்யாணம் எங்கயும் போயிடாது. மொதல்ல ஒன் பறவைய எடு" என்றார். இன்றைக்குவரை அவர் பெரிய கேமரா வாங்கவில்லை. ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டினதும் இல்லை. மற்றபடி எல்லாவற்றையும் சொல்லிக்காட்டுகிற ஆள்தான்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு லீவு. மகளை அவரிடம் விட்டுவிட்டு, சுடிதார் போட்டுக்கொண்டு, மத்தியான பஸ்ஸில் போய் ஏரிக்கரையில் இறங்கினேன். ஏரியில் தண்ணீர் அங்கங்கேதான் நின்றது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் கால்வாய் ஓரம் பெண்கள் வேலையில் இருந்தார்கள். பாதிப் பேர் மரத்தடியில் கால் நீட்டியிருந்தார்கள். நான் மதகுக் கல்லில் முழங்கையை ஊன்றி, கேமராவைக் கண்ணுக்கு நேரே தூக்கினேன்.

அங்கேதான் நான் நினைக்காதது நடந்தது. நூறு நாள் வேலையில் போட்டோ எடுத்தால்தான் அன்றைய வருகை, வருகை இருந்தால்தான் கூலி. மேலிருந்து அதிகாரி யாராவது வந்தாலும் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் கேமராவைப் பார்த்தால் அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"அடியே, ஆபீசரு வந்துக்கிறாங்க! போட்டோ எடுக்கறாங்க, எந்திரிங்கடி!"

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாம் கூடையும் மண்வெட்டியுமாக ஓடி வந்தார்கள். ஒருத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். ஒரு நிமிஷத்தில் இருபது பேர் என்னைப் பார்த்தபடி ஒரே வரிசையில் விறைப்பாக நின்றுவிட்டார்கள். குனிந்திருக்கிறவளின் பக்கவாட்டு முகமாவது கிடைக்காதா என்று திருட்டுத்தனமாக வந்தவளுக்கு, ஊரே வரிசை கட்டி முகம் காட்டியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பட்டனைத் தள்ளி ஒவ்வொரு முகமாகப் போனேன். பெரியம்மா முறை ஆனவர், என்னோடு படித்தவளின் மாமியார், தெரியாத ரெண்டு பேர். ஐந்தாவது அம்மா.

கண்ணாடி போட்டிருந்தாள். எப்போது போட ஆரம்பித்தாள்? முன்நெற்றி முழுக்க நரைத்திருந்தது. புடவைமேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அழுதேன். கை நடுங்கி முதல் நாலு படமும் வீணாகப் போயின.

அதற்குள் வரிசையில் ஒருத்தி கையைப் புருவத்தில் வைத்து உற்றுப் பார்த்தாள். "யக்கோவ், ஆபீசரு இல்ல. அது ஒம் பொண்ணு மாரி கீது!"

வரிசை கலைந்தது. யாரோ சிரித்தார்கள், யாரோ அதட்டினார்கள். ஒவ்வொருவராக மரத்தடிக்குத் திரும்பினார்கள். இப்போது அம்மாவும் முதுகைக் காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று நான் கேமராவைக் கீழே இறக்கினேன்.

அம்மா போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். தலைத் துண்டை அவிழ்த்து முகத்தை அழுந்தத் துடைத்தாள். சட்டையின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டையை மண்வெட்டிமேல் போட்டாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். கண்ணாடியைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்து, கழற்றிக் கையில் மறைத்துக்கொண்டாள். பிறகு நேராக என்னைப் பார்த்தாள்.

நான் எடுத்தேன். எத்தனை எடுத்தேன் என்று தெரியவில்லை. அந்தச் சின்ன கேமராவுக்கும், அந்த இருபது பெண்களின் கூலி பயத்துக்கும் நான் காலத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன். கடைசியில் அம்மாவுக்குத்தான் பொறுமை போயிற்று.

"எத்தினி நேரம் அங்கியே நின்னுக்கினு எடுப்ப? கிட்ட வந்து எடேன்!"

கரையைச் சுற்றிப் போக எனக்குப் பொறுமை இல்லை. கேமராவைச் சுடிதார் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, குறுக்கே தண்ணீரில் இறங்கிவிட்டேன். நாலு அடி வைத்திருப்பேன், எதிர்ப்பக்கத்திலிருந்து ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி அம்மா கத்தினாள்.

"கண்ணு தெரில ஒனக்கு? அந்தாண்ட பள்ளம் கீது! இப்பிடிக்கா வா!"