குழாயடியில் வாசித்த கடிதங்கள்

பட்டர்வொர்த் நகரக் கடையொன்றில் மஞ்சள் பார் சோப்பின் வாசம் வந்ததும், இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் சுங்கை பினாங் வரிசைவீடுகளின் பொதுக்குழாயடி நினைவுக்கு வந்தது. அப்பா ராணுவத்தில், எல்லைக் காட்டுச் சண்டையில் இருந்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால், அப்பா எழுதும் கடிதங்களைப் பக்கத்து வீட்டு மேரி அக்கா துணி துவைக்கும் பெண்கள் நடுவே உரக்க வாசிப்பார். அது தெரிந்த அப்பா, எல்லோரையும் நலம் விசாரித்து அட்டைக்கடியைப் பற்றி எழுதுவாரே தவிர, அம்மாவுக்கென்று ஒரு சொல் எழுதமாட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே அம்மா மேரி அக்காவிடம் எழுத்துப் படித்து, "இனி நானே படிப்பேன்" என்று தன் கையால் எழுதி அனுப்பினார்.

அடுத்த கடிதம் வந்த அன்று எல்லோரும் குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தார்கள்.

"என்னவாம் உன் வீட்டுக்காரரு? சத்தமா படி லா!" என்றார் மேரி அக்கா.

"அங்க நல்ல மழையாம்க்கா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, அம்மா சிவந்த முகத்தோடு மூன்று பக்கங்களையும் மடித்தார்.