முத்திரை வைக்காத ஃபேக்ஸ்

மஸ்கட்டின் ரூவியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் எனக்கென்று ஓர் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. சுற்றிலும் ஃபைல் அலமாரிகள், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஃபேக்ஸ். ஆபீஸுக்கு வரும் எந்தத் தாளும் முதலில் என் மேசைக்குத்தான் வரும். 'பெறப்பட்டது' என்ற முத்திரையைக் குத்தி, தேதி போட்டு, பதிவேட்டில் ஒரு வரி எழுதிய பிறகே உரியவர் கைக்குப் போகும். பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்த எனக்கு அந்த முத்திரை பெரிய கௌரவம். முத்திரை இல்லாத தாள் வராத தாளுக்குச் சமம் என்று புதிதாகச் சேருபவர்களிடம் சொல்வேன். நான் வாய் திறந்து சொல்கிற விஷயங்கள் குறைவு. அது அவற்றில் ஒன்று.

அந்த வருஷம் எனக்கு ஃபேமிலி ஸ்டேட்டஸ் கிடைத்தது. மனைவியைக் கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொள்ளலாம். மகளுக்குக் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். மனைவி புதுக்கோட்டைப் பக்கத்தில் தனியாக இருந்தாள். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் லீவு நாட்களை எல்லாம் கூட்டினாலும் நாங்கள் சேர்ந்து இருந்தது சொற்பம்.

விசா வேலை பார்க்கும் ஓமானிக்காரர் என் பாஸ்போர்ட் நகலைப் புரட்டிவிட்டு மேரேஜ் சர்ட்டிபிகேட் கேட்டார். இல்லை என்றேன்.

"சர்ட்டிபிகேட் மாஃபி, விசா மாஃபி. வருஷக் கடைசி வரைக்கும் டைம். அப்புறம் கலாஸ்." சர்ட்டிபிகேட் இல்லையென்றால் விசா இல்லை, கெடு தாண்டினால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

எங்கள் கல்யாணம் அவள் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு மலைக்கோயிலில் நடந்தது. பத்திரிகை இல்லை, போட்டோ இல்லை. பூசாரி ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். பெயர் எழுதினால் அவள் அண்ணன் மோப்பம் பிடித்து வந்துவிடுவார் என்று பயந்து, வேண்டாம் சாமி என்று நான்தான் தடுத்தேன். கூட வந்த சிநேகிதர்கள் இருவரில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. ரசீது வேண்டாம் என்று சொன்னவன்தான் பிற்காலத்தில் முத்திரை குத்திப் பிழைத்தேன்.

என் ரூமில் இருந்த குமரிக் கடற்கரைக்காரர் சிரித்தார். "மக்களே, எங்க பங்குக் கோயிலுக்கு ஒரு லெட்டர் போட்டா போதும். சாமியாரு ரிஜிஸ்டரைப் பாத்து ரெண்டே நாள்ல தந்துருவாரு. நீங்க என்னத்த கெட்டினீங்களோ!" அவர் மனைவி ஏற்கெனவே மஸ்கட்டில் நர்ஸ், ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் இருந்தார். அன்று முதல் அந்த அம்மாள் கொடுத்தனுப்பும் சாப்பாட்டுக் கேரியரைப் பார்த்தாலே எனக்குப் பொறாமை பொங்கிக்கொண்டு வரும்.

ஆனால் என் பொறாமை முழுவதையும் வாங்கிக்கொண்டவர் எங்கள் சீனியர் எஞ்சினியர். அறுபதை நெருங்கிய அமெரிக்கர். ஓய்வு நேரத்தில் தன் முன்னோர்களின் கல்யாணப் பதிவுகளைத் தேடிக்கொண்டிருந்தார். அமெரிக்காவை இங்கிலாந்து ஆண்ட காலத்தில் அங்கே குடியேறிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினராம் அவர்கள். அவர் ஊரில் உள்ள ஆவணக் காப்பகத்திலிருந்து ஓர் அம்மாள் அவருக்குப் பக்கங்களை ஃபேக்ஸில் அனுப்புவார். அவையும் என் முத்திரையைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

ஒருநாள் ஒரு தாளை என் மேசையில் விரித்துக் காட்டினார். குவேக்கர் கல்யாணத்தில் பாதிரியார் கிடையாது என்றார். பையனும் பெண்ணும் சபையில் எழுந்து நின்று தாங்களே உறுதி சொல்வார்கள். பிறகு வந்திருக்கும் எல்லோரும் சாட்சியாகக் கையெழுத்துப் போடுவார்கள், சிறுபிள்ளைகள் உட்பட.

"எண்ணிப் பார், நாற்பத்தாறு பேர்," என்றார்.

எண்ணினேன். நாற்பத்தாறுதான். கப்பலேறிப் போன குடியானவர்கள். செத்து இருநூறு முந்நூறு வருஷமானவர்களுக்கு நாற்பத்தாறு சாட்சி. அவர்களில் யாருக்கும் விசா தேவையில்லை. அந்தத் தாளில் முத்திரையை வேண்டுமென்றே கோணலாகக் குத்தினேன்.

அவருக்கும் ஒரு கல்யாணம் அகப்படவில்லை. ஐந்தாறு தலைமுறைக்கு முந்தைய பாட்டி ஒருத்தி. பிறப்பு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், கல்யாணத்தைக் காணோம். வாரக்கணக்கில் முகம் வாடிப்போய் நடந்தார். "இன்றைக்கும் ஒன்றும் வரவில்லையா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்பார். "இல்லை சார்," என்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நாட்களில் டீ கூட எனக்குக் கூடுதலாக இனித்தது.

ஒரு மதியம் அந்த ஃபேக்ஸ் வந்தது. அவர் பெயரைப் பார்த்ததும் கை முத்திரைக்குப் போகவில்லை. தாளை மடித்து என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். அத்தனை வருஷ வேலையில் நான் அப்படிச் செய்தது அந்த ஒருமுறைதான்.

மூன்று நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை அவர் எட்டிப் பார்த்துக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் போனதும் அப்படி என்னதான் இருக்கிறது என்று தாளை எடுத்துப் படித்தேன். பழைய கிறுக்கல் எழுத்துக்குக் கீழே அந்த அம்மாள் டைப் செய்தும் அனுப்பியிருந்தார். அகப்படாத அந்தப் பாட்டியைப் பற்றித்தான், ஆனால் அது கல்யாணப் பத்திரம் இல்லை. புகார். இன்னார் மகள் சபையின் சம்மதம் இல்லாமல், சபையின் ஒழுங்கை மீறி, ஒரு பாதிரியாரை வைத்து இன்னாரைக் கல்யாணம் செய்துகொண்டாள், அவளிடம் பேச இரண்டு பெண்களை அனுப்பினோம், அவள் வருந்தவில்லை, ஆகவே அவளைச் சபையிலிருந்து நீக்குகிறோம்.

இவர்களுக்கு ஓடிப்போன கல்யாணத்துக்குக் கூட ரிக்கார்டு இருக்கிறதே என்று முதலில் வயிறு எரிந்தது. திட்டுவதற்காக எழுதியதுகூட இத்தனை பத்திரமாக! அப்படி எரிந்துகொண்டிருக்கும்போதுதான் சட்டென்று நினைவு வந்தது. எங்கள் மீதும் ஒருவர் புகார் எழுதினார்.

என் மனைவியின் அண்ணன். தங்கையைக் கடத்திவிட்டான் என்று போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தார். எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் மேஜர், இன்ன தேதியில் இன்ன கோயிலில் எங்கள் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டோம் என்று அதன் கீழேயே எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் முத்திரை வைத்தார்கள். வழக்குப் பதியாமல் அந்தத் தாளையே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எஞ்சினியரின் தாளில் அன்றைய தேதியையே போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். பிறகு தாளின் மேல் ஓரத்தில் மெஷின் அச்சடித்திருந்த தேதியையும் என் முத்திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் மெஷின் மூன்று நாள் லீவில் போயிருந்ததா?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே டெலிபோன் கார்டு வாங்கி மனைவிக்குப் போன் போட்டேன்.

"எங்க அண்ணன்ட்டயா? ஒங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றாள். "அந்தத் தாளை அது அப்பவே கிழிச்சுப் போட்டிருக்கும்."

"கேட்டுத்தான் பாரேன்."

"நானா கேக்கணும்? கையெழுத்துப் போடுறப்ப மட்டும் வேகமா போட்டீயளே, நீங்களே கேளுங்க."

ஆனாலும் கேட்டாள். அவர் கிழிக்கவில்லை. நிலப் பத்திரங்களோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார்.

அவசர லீவில் ஊருக்குப் போனேன். சார்பதிவாளர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் மச்சான் நின்றுகொண்டிருந்தார், கவரைக் கக்கத்தில் இடுக்கியபடி. என்னைப் பார்க்கவில்லை. தங்கையிடம் பேசினார்.

"புகார் குடுத்தவனே சாட்சிக் கையெழுத்தும் போடணுமாக்கும்? ஒன் வீட்டுக்காரரு நல்லா யோசிச்சிருக்காரு."

"போடுறதா இருந்தா போடு. இல்லாட்டி நான் ஒன் வீட்டுலதான் வந்து இருப்பேன், பாத்துக்க," என்றாள் அவள்.

"ஆத்தி! எங்க, பேனாவைக் குடு."

உள்ளே அந்தப் புகாரை மேசையில் விரித்தார்கள். மடிப்பில் மட்டும் மஞ்சள் தட்டியிருந்தது. என் கையெழுத்து அவசரக் கிறுக்கலாக இருந்தது. பக்கத்தில் அவளுடையது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுப்பெயர். என் கல்யாணத் தேதியும் கோயில் பெயரும் மச்சானின் கோபமான எழுத்துக்குக் கீழே இருந்தன. இருபத்திரண்டு வருஷம் என் கல்யாணம் அவர் கவரில் இருந்திருக்கிறது. அவர் நினைத்தபோதெல்லாம் எடுத்துப் பார்த்திருக்க முடியும்.

சாட்சிகள் மூன்று பேர்: மச்சான், அவர் மனைவி, பத்திரம் எழுதுகிறவர். நாற்பத்தாறு இல்லை. ஆனாலும் பதிவாகிவிட்டது.

வெளியே வந்ததும் அந்தப் பழைய தாளுக்காகக் கையை நீட்டினேன். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்து முதல் வார்த்தை பேசினார்.

"அது என்னோடது. ஒமக்கு வேணுமின்னா ஜெராக்ஸ் எடுத்துக்கிரும்."

எதிர்க் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். அவர் தாளை மடித்து, நிலப் பத்திரங்களுக்கு நடுவே வைத்து, கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

வருஷம் முடிவதற்குள் மனைவி மஸ்கட் வந்து சேர்ந்தாள். இப்போது எனக்குச் சர்ட்டிபிகேட் இருக்கிறது, எம்பசி முத்திரையோடு. இருந்தாலும் ஒரிஜினல் அவரிடம்தான் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.