இரண்டு ஊர்ச் சாமிக்கும் தோள் கொடுத்த அண்ணை

எங்கள் குடும்பத்தின் மூத்தவரான அண்ணை வடமராட்சிக் கடற்கரையில், கப்பலோட்டிகளின் வழியில் பிறந்தவர். உடுப்பிட்டியில் படித்துக்கொண்டிருந்தவர், அப்பாவைக் கடல் கொண்டபின் தாமும் கப்பலேறி எங்களைக் கரைசேர்த்தார். முன்கோபக்காரர். அதை மறைத்து எழுதினால் அவரே ஏசுவார்.

ஒருமுறை இத்தாலித் துறைமுகமொன்றில் அவருடைய கப்பல் முடங்கியபோது, கூட வேலைசெய்த கூட்டாளி தமது மலைக்கிராமத்துக்கு அழைத்துப் போனார். குளிர்காலம் முழுவதும் அண்ணை அங்கேயே இருந்தார். மலைக்காட்டில் விழும் கொட்டைகளைப் பொறுக்கி, புகையில் உலர்த்தி, மாவாக்கிக் கூழ் காய்ச்சுவார்களாம். “எங்கடை பனங்கிழங்கு ஒடியல்தான், மரந்தான் வேறை” என்பார். பாண் சுடும் போறணை அடுப்பு ஊருக்கு ஒன்றுதான். வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சுடுவார்கள். வெள்ளிக்கிழமை மச்சம் தின்னமாட்டேன் என்று அண்ணை தயங்கிச் சொல்ல, தாங்களும் அன்று இறைச்சி சமைப்பதில்லை என்றாராம் கூட்டாளியின் தாயார்.

குளிர் முடிந்ததும் மாதா சிலையைத் தோளில் காவி ஊர்வலம் வருவது அவர்கள் வழக்கம். இளந்தாரிகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டதால் ஒரு தோள் குறைந்தது. அண்ணை தோள் கொடுத்தார். அந்தப் படத்தைப் பெருமையோடு எங்களுக்கும் அனுப்பினார். அம்மா அதைச் சாமியறையில் மாட்ட, அங்கேதான் வந்தது வினை. அண்ணை மதம் மாறி வேதக்காரராகிவிட்டார் என்று கதை பரவியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழாவில் சுவாமியைத் தோளில் காவும் முன்கொம்பு பரம்பரையாக எங்கள் வீட்டுக்குரியது. அது கைவிட்டுப் போகப்போகிறதே என்று அம்மா சாப்பிடாமல் கிடந்தார். ஊர் திரும்பிய அண்ணை திருவிழாவன்று நேரே கோயிலுக்குப் போனார். படத்தில் நிற்பது நீர்தானோ என்று கோயில் மனேச்சர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

“ஓம் ஐயா, நான்தான். அந்தச் சனம் குளிர் முழுக்க எனக்குச் சாப்பாடு போட்டது. தங்கடை தாயைக் காவத் தோள் காணாமல் நிண்டவை. சும்மா பாத்துக்கொண்டு நில் எண்டே பிள்ளையார் சொன்னவர்?”

மனேச்சர் தமது சால்வையை மடித்து அண்ணையின் தோளில் வைத்தார்.

“முன்னுக்கு வாரும்.”

அன்று சுவாமி வீதி சுற்றி வந்தபோது என் நெஞ்சு பெருமையால் விம்மியது. நோயில் விழும்வரை அந்தக் கொம்பை அண்ணை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அண்ணையின் இறுதி நாட்களில் பார்த்துப் பராமரித்த வைத்தியருக்கும் தாதியருக்கும், கிரியைகளை நிறைவேற்றிய குருக்களுக்கும், பந்தல் போட்டு உதவிய இளைஞர்களுக்கும், இந்த நினைவு மலரை அச்சிட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரித்தாகுக. செய்தி கேட்டு அந்த மலைக்கிராமத்தார் தங்கள் கோயில் மணியை அடித்து அண்ணைக்காக வேண்டிக்கொண்டார்களாம். சொந்தக்காரருக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகையால் அவர்களுக்கு நான் நன்றி சொல்லவில்லை.

அன்புத் தங்கை