அர்ச்சனைப் பழ கேக்

எனக்கு வாழைப்பழ கேக் பிடிக்காது என்று சொன்னால் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் தட்டை நீட்டிக்கொண்டு முதலில் நிற்பவள் நான்தான். வாழைப்பழ கேக் என்றால் மட்டும் வயிறு சரியில்லை என்று நழுவிவிடுவேன். ஏழு வயதில் அந்த கேக்குக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தும் இருக்கிறேன், அதுதான் சங்கடம்.

அப்போது நாங்கள் புக்கிட் பாத்தோக்கில், ஓர் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாவது மாடியில் இருந்தோம். அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். வயிற்றில் கட்டி, மருந்திலேயே கரைந்துவிடும், தீபாவளிக்கு முறுக்குப் பிழிய அம்மா வந்துவிடுவார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். உண்மை தெரிந்தால் தாங்கமாட்டார் என்று அப்பாவும் அத்தையும் பேசி முடிவு செய்திருந்தார்கள். அது எனக்குத் தெரிந்தது ரொம்பக் காலம் கழித்து.

என்னைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா கிளமெண்டியிலிருந்து வந்தார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் மேசைமேல் வைத்து கேக் சுடுகிற சின்ன மின்சார அடுப்பு. அடுத்தவர் வீட்டு அடுப்பை நம்பாதவர் எங்கள் அத்தை.

அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அம்மா தேக்காவில் அம்மன் கோயிலுக்குப் போனால் இவர் வாசலில் நின்று செருப்புக்குக் காவல் இருப்பார். உள்ளே அவளும் அம்மனும் பேசிக்கொள்ளட்டும், நடுவில் நமக்கென்ன வேலை என்பார். அம்மா முறைப்பார், அப்புறம் சிரித்துவிடுவார். எனக்கு நினைவு தெரிந்து அப்பா கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று விடிவதற்கு முன்பே எழுந்து குளிக்க ஆரம்பித்தார். முதல் ரயிலில் தேக்காவுக்குப் போய், அம்மா பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, அங்கிருந்து அப்படியே வேலைக்குப் போவார். சாயங்காலம் அவர் பையிலிருந்து உடைத்த தேங்காயும் இரண்டு வாழைப்பழமும் வெளியே வரும். ஒரு நாள் என்னை அருகில் கூப்பிட்டு, “அம்மாகிட்ட கோயில் பத்தி மூச்சு விடாத பாப்பா. கிண்டல் பண்ணியே கொன்னுடுவா” என்றார். நானும் என் தலையிலேயே கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

சாமிப் பழத்தைக் குப்பையில் போடக்கூடாது என்பது அத்தையின் சட்டம். தின்பதற்கோ ஆள் இல்லை. அப்பா சோற்றையே சரியாகத் தொடுவதில்லை. பழம் மேசைமேல் கறுத்துக்கொண்டே போக, சின்னச் சின்ன ஈக்கள் மொய்க்க ஆரம்பித்தன. கடைசியில் கேக் செய்துவிடலாம் என்றார் அத்தை. சாமிப் பழத்தில் முட்டையை ஊற்றலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, தயிரை ஊற்றினார். முந்திரியையும் திராட்சையையும் பாயசத்துக்கு வறுப்பதுபோல நெய்யில் வறுத்துப் போட்டார். அந்த வாசனைக்கு நான் யாரும் எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்தேன். அதுவரை ரொட்டியில் காயா என்கிற தேங்காய் ஜாமைத் தடவித் தின்றே பள்ளிக்கூடம் போனவளுக்குக் காலையில் பசியாறச் சூடாக ஒரு துண்டு கேக், ஒரு கோப்பை பால். அம்மா இல்லாத வீட்டில் இவ்வளவு சுகமா என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் இரண்டாவது துண்டு கேட்டேன்.

இரண்டு பழம் நான்கானது. அம்மனுக்கு மட்டும் செய்தால் போதாது என்று முருகனுக்கும் அப்பா அர்ச்சனை செய்ய ஆரம்பித்திருந்தார். அப்புறம் பிள்ளையாருக்கும் இன்னொரு சாமிக்கும் சேர்த்து எட்டு. மூன்று நாளைக்கு ஒரு தடவை வெந்த கேக் தினமும் வேகத் தொடங்கியது. எங்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றே நினைத்தேன். வகுப்பில் எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்துப் பெரிய மனுஷியாகத் திரிந்தேன். எட்டுப் பழத்தைக் கழுவும்போது அத்தை ஏன் மூக்கை உறிஞ்சினார் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

ஒரு சனிக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனோம். அப்பா வேலை முடிந்து நேரே வருவதாக ஏற்பாடு. அத்தை தாதியிடம் ஏதோ பேச வெளியே போனார். நான் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து கேக் டப்பாவைத் திறந்தேன். அம்மாவின் கை மெலிந்துபோய், வளையல் முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. கேக்கைப் பிட்டு ஒரு முந்திரியை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தினமும் கேக் செய்ய அத்தைக்கு ஏது அவ்வளவு பழம் என்று கேட்டார்.

நான் கோயில் என்று மூச்சு விடவில்லை. சத்தியம் செய்திருக்கிறேன் அல்லவா. பழத்தைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே வாய் ஓயாமல் சொன்னேன். அப்பாதான் கொண்டுவருகிறார், முதலில் இரண்டு, பிறகு நான்கு, பழத்தில் குங்குமம் ஒட்டியிருக்கும், அத்தை கழுவிவிட்டுத்தான் மசிப்பார்.

“இப்ப எத்தன கொண்டுவர்றாரு?”

“எட்டும்மா. தெனமும் எட்டு.”

அம்மா அந்த ஒற்றை முந்திரியை வெகுநேரம் மென்றார். பிறகு என் உதட்டோரத்துத் தூளைத் துடைத்துவிட்டு, “இத நாம பேசினதா அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்லா” என்றார். எனக்கு ஒரே பெருமை. வீட்டில் இரண்டு பேருடைய ரகசியமும் என்னிடம்.

அப்பா வந்ததும், வீட்டுக்குப் போக வேண்டும் என்றார் அம்மா. அப்பா பதறிப்போனார். இன்னும் ஒரு சுற்று மருந்து பாக்கியிருக்கிறது, டாக்டர் நம்பிக்கையாகப் பேசினார், அவசரப்படாதே என்று அடுக்கினார். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“விடிஞ்சதும் எங்கயும் ஓட வேண்டாங்க. எங்ககூட உக்காந்து பசியாறுங்க. அது போதும் எனக்கு.”

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை, நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினார். கேக் தின்றுகொண்டிருந்த என்னை யாரும் பார்க்கவில்லை. அம்மாவுக்கு உண்மை எப்படித்தான் தெரிந்ததோ என்று அத்தை இன்றைக்கும் கேட்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த இன்னொரு சுற்று மருந்தை இப்போதும் நினைத்துக்கொள்வேன். அது என்ன செய்திருக்குமோ, ஒன்றும் செய்யாமலே போயிருக்குமோ, யாரைக் கேட்பது.

அடுத்த வாரம் அம்மா வீட்டுக்கு வந்தார். எங்கள் புளோக் முழுக்க, அம்மாவுக்குக் குணமாகிவிட்டது என்று நான் தண்டோரா போட்டேன். அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டார். காலையில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு அவரே ரொட்டி சுடுவார். ஒரு நாளாவது கருகாமல் சுட்டதில்லை. “அந்தக் கருப்ப சுரண்டுங்க” என்பார் அம்மா. அப்பா கத்தியால் கரகரவென்று சுரண்டுவார். அம்மா ஒரு ஓரத்தைக் கடித்துவிட்டு மீதியை அப்பாவின் தட்டில் வைப்பார். பத்தொன்பது காலைகள் இப்படிப் போயின.

எனக்கு மட்டும் எரிச்சல். அப்பா கோயிலுக்குப் போவதில்லை, பழம் வருவதில்லை, கேக் நின்றுவிட்டது. கடையில் வாங்கிச் செய்யலாமே என்றதற்கு, உன் அம்மாவுக்குக் கஞ்சி வைக்கவே எனக்கு நேரமில்லை, போடி என்றார் அத்தை. அந்தக் காலைகளில் பாதிக்கு மேல் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் ரொட்டியைத் தள்ளிவிட்டு வாய்விட்டே சொன்னேன்.

“அம்மா ஆஸ்பத்திரியிலயே இருந்திருக்கலாம்லா. தெனமும் கேக் கெடச்சிருக்கும்.”

அத்தை கையை ஓங்கிவிட்டார். அம்மா தடுத்து, இருமல் வரும்வரை சிரித்து, “உண்மையத்தான சொல்றா, விடுங்கண்ணி” என்றார். அப்பா எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். கழுவுவதற்குத் தொட்டியில் ஒரு பாத்திரம்கூட இல்லை.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை அந்தச் சின்ன அடுப்பைத் தூக்கிக்கொண்டு கிளமெண்டிக்குத் திரும்பினார். மறுநாள் காலை அப்பாவும் நானும் மட்டும் மேசையில் இருந்தோம். அம்மா நாற்காலியில் அந்தத் தலையணை அப்படியே கிடந்தது. அப்பா எனக்கு ரொட்டி சுட்டு வைத்தார். இத்தனை நாள் வராத பதத்தில், பொன்னிறமாக வந்திருந்தது.

“அப்பா, இனிமே கோயிலுக்குப் போவீங்களா?”

“எதுக்குப் பாப்பா?”

“பழத்துக்கு.”

அப்பா என் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து, கத்தியால் சுரண்ட ஆரம்பித்தார். தூள் மேசையெல்லாம் கொட்டியது. கருகவே கருகாத ரொட்டியை எதற்காக இப்படிச் சுரண்டிக்கொண்டே இருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவருக்கு நினைவுபடுத்தினேன்.