முத்திரை இல்லாத குளத்துப் பாட்டு

நானும் பாட்டுக் கட்டியவன்தான். தென்காசி வட்டாரத்தில் எந்தக் குளத்தை யார் வெட்டினார், எந்த வயலை எந்தக் கோயிலுக்கு விட்டார் என்று ஊர் ஊராக விசாரித்து, கல்வெட்டோடு ஒத்துப் பார்த்து எழுதியவன். வாசுதேவநல்லூர்க் கவிராயன் எதையும் விசாரிக்க மாட்டான். வாயைத் திறந்தால் சிந்து வரும், கேட்கிறவன் கிறங்கிப் போவான். அவனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

பாட்டின் கடைசி அடியில் பாடியவர் தன் பேரையோ ஊரையோ வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முத்திரை என்போம். அவன் ஒரு பாட்டிலும் தன் ஊரை விட்டதில்லை. நான் வைப்பதே இல்லை. ஊர் வரலாற்றில் என் பேர் எதற்கு என்று ஒரு கர்வம்.

ராயகிரிப் பக்கம் ஒரு குளம் உடைந்த கதையைச் சிந்தாகக் கட்டியிருந்தேன். பிறகு ஒருநாள் அந்த வழியாகப் போனபோது, நடவு வயலில் பெண்கள் அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள். உச்சி குளிர்ந்து வரப்பிலேயே நின்றுவிட்டேன். கடைசி அடியில் வாசுதேவநல்லூர் வந்து விழுந்தது!

"இது யாரு பாட்டும்மா?"

"இது கூடத் தெரியாதா அண்ணாச்சி? வாசுதேவநல்லூர்க் கவிராயரு பாட்டுல்லா!"

திருட்டுப்பயல் என்று பல்லைக் கடித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்த வருஷம் சாரல் காலத்தில் ஐந்தருவிப் பக்கம் ஒரு மிராசுதார் தம் பங்களாவில் கவிராயர்களைக் கூட்டினார். வாசுதேவநல்லூரானைப் பார்த்து, "உம்ம குளத்துப் பாட்டைப் பாடும்" என்றார். அவன் வாயைத் திறக்கட்டும், சபையிலேயே மானத்தை வாங்கிவிடலாம் என்று காத்திருந்தேன்.

அவன் எழுந்து கும்பிட்டான். "அது எம் பாட்டு இல்லய்யா. அந்தா தூண்கிட்ட இருக்காகளே, அந்த அண்ணாச்சி பாட்டு. முத்திரை இல்லாம மொட்டையா நிக்குதேன்னு, பாடுத பொம்பளைக எங்க ஊரை ஒட்டிட்டாக."

முத்திரையை எடுத்துவிட்டு முழுப் பாட்டையும் பாடினான். அப்படிப் பாட எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. மிராசுதார் போர்த்திய சால்வையை அவன் கொண்டுவந்து என் தோளில் போட்டான். சபை எழுந்து நின்று கைதட்டியது, அவனுக்கு.

திருடியிருந்தால் நிம்மதியாகத் திட்டியாவது இருப்பேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டான்.

இப்போது அந்தப் பாட்டை முத்திரை இல்லாமல்தான் பாடுகிறார்கள். பாடி முடித்ததும் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லுகிறார்: "வாசுதேவநல்லூர்க்காரரு இது என் பாட்டே இல்லன்னுட்டாரே, எம்புட்டுப் பெரிய மனசு!"